மூன்றாம் பாகம், இரண்டாம் பதிப்பு, பக்கம் 319

சும்மா ஒண்ணும் உங்கள பிளாக் பண்ணல டீச்சர். காரணம் போட்டுத்தான் பண்ணேன். படிச்சீங்களா இல்லையா? விதி நாலு, உட்பிரிவு ரெண்டு. முதல்ல பாகம், அப்புறம் பதிப்பு, அப்புறம் அத்தியாயம், கடைசியாத்தான் பக்கம். நீங்க என்ன பண்ணீங்க, பக்கத்த முன்னாடி போட்டு பாகத்தக் கடைசியில தொங்கவிட்டீங்க. அடிக்குறிப்பு நம்பர முற்றுப்புள்ளிக்கு முன்னால வச்சீங்க. உங்க வகுப்புல ஒரு பிள்ளை இப்படி எழுதிட்டு வந்தா சிவப்பு மையில சுழிப்பீங்கல்ல? நானும் சுழிச்சேன். அவ்வளவுதான் விஷயம்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இதுல உக்காருங்க. புத்தகத்த ரேக் மேல வைக்காதீங்க, ரத்தக் குழாயெல்லாம் நிக்குது. மேசையில வைங்க. இன்னும் இருபது நிமிஷம் எனக்குச் சாப்பாட்டு நேரம். அதுல உங்களுக்குப் பத்து நிமிஷம். நான் இந்த லேப்லதான் வேலை பாக்கிறேன்னு யாரு சொன்னா உங்களுக்கு? ஓ, நம்ம ரசிகர் ஆண்டுக்கூட்டத்துல எடுத்த போட்டோவா. கோட்டுப் பையில இருக்கிற பேரப் பெருசு பண்ணிப் பாத்தீங்களா. பலே. இவ்வளவு உழைப்ப அந்த அடிக்குறிப்புல காட்டியிருக்கலாம்.

ஒண்ணுமில்ல சிஸ்டர், என்னப் பாக்கத்தான் வந்திருக்காங்க. ரிப்போர்ட் வாங்க வந்தவங்க இல்ல. சொல்லியிருக்கேன்ல, ஒரு கதைத் தொடருக்கு ரசிகருங்க நாங்களே சேந்து இணையத்துல ஒரு விக்கி நடத்துறோம்னு. ஆமா, அதே படகுக் கதைதான். அஞ்சு பாகம். அதுல வர்ற ஆளுங்க, படகு, துறை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் போட்டு வச்சிருக்கோம். இவங்க அதுல எழுத வந்தவங்க. அங்க இவங்க பேரு கிழிஞ்ச அட்டை. சிரிக்காதீங்க சிஸ்டர், அங்க எல்லாரும் புனைபேருதான். அந்த ரேக்க உள்ள வச்சிருங்க. மூணாவது குழாயில லேபிள் இல்ல, அத வெளிய எடுத்துருங்க.

பாத்தீங்களா, அதுதான். லேபிள் இல்லன்னா அது யாரோட ரத்தமும் இல்ல. குத்தி எடுத்தவங்க நேர்ல வந்து, சார் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இது அந்தச் சட்டைக்காரரோடதுன்னு சத்தியம் பண்ணாலும் வாங்க மாட்டோம். கீழ ஊத்திட்டு மறுபடி எடுன்னுதான் சொல்லுவோம். எங்க விக்கியிலயும் அதே கதைதான். விதி ஒண்ணு, ஞாபகம் ஆதாரம் ஆகாது. விதி ரெண்டு, இன்னொரு ரசிகர் சொன்னது ஆதாரம் ஆகாது, அது வேலிக்கு ஓணான் சாட்சி. விதி மூணு, பதிப்பு சொல்லாம பக்கம் சொல்லக்கூடாது, பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். ஒருத்தர் போட்ட ஆதாரம் பொய்யின்னு நிரூபணம் ஆச்சுன்னா அவர் பேரு முகப்புல ஒரு பட்டியல்ல ஏறும். பொய் ஆதாரம் தந்தவர்கள்னு தலைப்பு. ஏறின பேரு இறங்காது. இதுவரைக்கும் நாலு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தன் எனக்கு போன் பண்ணி அழுதான். அழட்டும்னு விட்டேன்.

தெரியும், நீங்க அதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு. ஒரு ஆதாரம் பொய்யின்னு நாலு தடவை விக்கியோட பேச்சுப் பக்கத்துல எழுதினீங்க, நாலு தடவையும் நான்தான் அழிச்சேன். வடிவம் சரியில்லன்னு அழிச்சேன். வடிவம் சரியில்லதானே?

சரி, கொடுங்க, பாக்கிறேன். ம். மூணாம் பாகம். ரெண்டாம் பதிப்பு. ஆசிரியர் பின்னுரையுடன். நிஜமாவே ரெண்டாம் பதிப்புதான். எங்க புடிச்சீங்க இத? ரெண்டு வருஷமா தேடினீங்களா? டீச்சருக்கு வேற பொழப்பு இல்லபோல. இல்ல, சும்மா கேட்டேன்.

பின்னுரை முன்னூத்திப் பன்னெண்டுல ஆரம்பிக்குது. முன்னூத்திப் பதினாறுல முடியுது. அப்புறம் வெள்ளத்தாள். அப்புறம் அட்டை. எங்க விக்கியில ஆதாரமாக் காட்டியிருக்கிற முன்னூத்திப் பத்தொம்போதுன்னு ஒரு பக்கமே இல்லன்னு சொல்றீங்க. கிழிஞ்சிருக்கலாம்ல? தையல் பிரிஞ்சு ஒரு தாள் விழுந்திருக்கும். பைண்டிங் பண்றவன் சாப்பாட்டு அவசரத்துல ஒரு தாள விட்டிருப்பான். அதெப்படி டீச்சர், ஒரே ஒரு பிரதியப் பாத்துட்டு ஊருக்கே தீர்ப்புச் சொல்றீங்க? தாளெல்லாம் எண்ணிப் பாத்தீங்களா. எட்டு எட்டுத் தாளாச் சேத்துத் தைச்ச கட்டு கட்டாவா. சரியா இருக்கா.

சரியாத்தான் இருக்கும்.

சிஸ்டர், கதவ அந்தப் பக்கம் சாத்துங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல எவ்வளவு நாள் மறைக்கிறது. நான்தான் எழுதினேன். அந்த வாக்கியம், அந்தப் பக்க நம்பர், எல்லாம் நான் எழுதினது. இப்ப என்ன பண்ணப்போறீங்க?

ஏன்னு கேக்குறீங்களா. நீங்க கேட்டா நான் சொல்லணுமா? ஒரு புத்தகத்தத் தூக்கிட்டு வந்துட்டா நீங்க போலீஸா?

மூணாம் பாகத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. ரெண்டு படகு. முன்படக சுக்கான்காரன் ஓட்டுறான். பின்படகுல நாப்பது பேரு, ஒரே கயிறுதான் இழுத்துட்டுப் போகுது. புயல். விடிஞ்சு பாத்தா கயிறு இல்ல, பின்படகும் இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு பாகம் ஓடுது, அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி கிடையாது. எழுதினவரும் போய்ச் சேந்துட்டாரு. கயிறு தானா போச்சா, சுக்கான்காரன் அறுத்தானா? அறுத்தான்னுதான் நான் சொல்றேன். அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். நாலாம் பாகத்துல அவன் ஒரு இடத்துலயாவது கத்தியத் தொடுறானா பாருங்க. பழம் நறுக்கணும்னாக்கூட அடுத்தவன்கிட்டக் கொடுக்கிறான். இதுக்கு மேல என்ன வேணும் ஒரு மனுஷனுக்கு?

அவ சொன்னா, வேணும்னு. அது உன் ஊகம், கதையில இல்ல, அதனால சுக்கான்காரன் பக்கத்துல தெரியவில்லைன்னுதான் போடணும்னா. அவன்னா யாரா? ஆதாரம் எங்கேங்கிற புனைபேருல எழுதினவ. ஆமா, விக்கியத் தொடங்கினவங்க, விதியெல்லாம் எழுதினவங்க. நீங்க வந்து ரெண்டு வருஷம்தானே ஆச்சு, அவ அங்க இருந்தது உங்களுக்குத் தெரியாது. அந்தப் பேரு சும்மா வரல. யாரு என்ன எழுதினாலும் கீழ வந்து அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் போட்டுட்டுப் போவா. ஆதாரம் எங்கே. கடைசியில அதுவே பேராப் போச்சு. நில அளவை ஆபீஸ்ல வரைபடம் சரிபாக்கிற வேலை அவளுக்கு. ஒரு கோடு இருந்தா அத எந்த நாள், எந்தப் புத்தகத்துல, யாரு அளந்தான்னு காட்டணும் அங்க. அந்தப் புத்திய அப்படியே கொண்டுவந்து கதைக்கும் வச்சுட்டா.

எப்படித் தெரியுமா? டீச்சர், அவ என் பொண்டாட்டி. எப்படித் தெரியாமப் போகும்?

விக்கியிலதான் சண்டை போட்டுப் பழகினோம். முதல் வருஷம் அவ என் எடிட்ட முப்பத்தாறு தடவை அழிச்சா. முப்பத்தேழாவது தடவை, நேர்ல வந்து பேசுன்னு எழுதினேன். வந்தா. கையில மூணு பாகம், ஒவ்வொண்ணுலயும் துண்டுச்சீட்டு செருகி. கல்யாணம் ஆச்சு. ஆனா சுக்கான்காரன் விஷயத்துல மட்டும் விடல, ரெண்டு பேரும். நான் பிடிச்ச முயலுக்கு மூணு கால், அவ பிடிச்சதுக்கும் மூணு கால். மூணு மாசம் வீட்டுல இதே பேச்சு. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என்னக் கேட்டா, சார் சொல்றதுக்கு ஆதாரம் இருக்கா, இல்ல சாருக்குத் தோணுதான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அவ புருஷன்னு அங்க பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவன் இன்னும் சத்தமாச் சிரிச்சான்.

அந்தச் சிரிப்புதான் டீச்சர். வேற ஒண்ணுமில்ல. பெரிய காரணமா எதிர்பாத்து வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க.

நாலாம் பாகத்துக் கடைசித் தாள்ல ஒரு விளம்பரம் இருக்கும். மூன்றாம் பாகம், இரண்டாம் பதிப்பு, ஆசிரியர் பின்னுரையுடன்னு. அந்தப் பதிப்ப எங்க கூட்டத்துல ஒருத்தரும் கண்ணால பாத்ததில்ல. கொஞ்சமாத்தான் போட்டாங்களாம். கடைகடையா விசாரிச்சேன், கிடையாது. கிடையாதுன்னு உறுதியானப்புறம் உக்காந்து, ஆசிரியரே பின்னுரையில சொல்ற மாதிரி ஒரு வாக்கியம் எழுதினேன். விடிந்தபோது கயிறு இல்லை என்று மட்டும் எழுதினேன், கத்தி பிடித்த கையை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அவர் எழுத்து மாதிரியே வந்துச்சு. நானே ஒரு நிமிஷம் நம்பினேன். பாகம், பதிப்பு, பின்னுரை, பக்கம் முன்னூத்திப் பத்தொம்போது. வடிவத்துல ஒரு புள்ளி தப்புச் சொல்ல முடியாது. அவ எழுதின விதிப்படி அப்படியே போட்டேன். முதல் பதிப்பு முன்னூத்திப் பதினொண்ணுல முடியுது, பின்னுரை ஒரு பத்துப் பக்கமாவது இருக்கும்னு கணக்குப் போட்டேன். கஞ்சன், அஞ்சு பக்கத்துல முடிச்சுட்டான்.

ஆமா, உங்க பிள்ளைங்களுக்கு நீங்க கரும்பலகையில எழுதிப்போட்ட வாக்கியம் அதுதான். கப்புல அடிச்சு விக்கிறாங்களே, அதுவும்தான். ஒருத்தர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கே அத முகப்புல வச்சிருக்காரு. அஞ்சு பாகம் எழுதின மனுஷனோட பேர் சொல்ற வாக்கியம் இந்த லேப் கவுன்டர்ல உக்காந்திருக்கிறவன் எழுதினது. நான் ஒண்ணும் பெருமைப்படல. கொஞ்சம் பட்டேன்.

அவளா? முதல்ல நம்பல. அதுக்கு முன்னாடியே, சுக்கான்காரன்தான் அறுத்தான்னு ஆதாரம் இல்லாம நான் போட்டிருந்த வரிய மூணு தடவை எடுத்திருந்தா. ரெண்டு வாரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பதினெட்டாம் தேதி பொதுவுல எழுதினா. நான் தவறாக இருந்தேன், ஆதாரம் கிடைத்துவிட்டது, உண்மையான வரியை மூன்று முறை நீக்கியவர் பொறுப்பில் இருக்கக்கூடாது என்பது நான் எழுதிய விதி, எனவே விலகுகிறேன். அவ்வளவுதான். நாலு வரி. ஒருத்தரும் கேக்கல அவள. அவளே போனா. அன்னியிலேருந்து விக்கியத் தொறந்ததுகூட இல்ல. ஒன்பது வருஷம். அவ இடத்துல என்ன உக்கார வச்சாங்க.

நான் என்ன பண்ணேன்னு சொல்லவா? வந்ததுக்குக் கேட்டுட்டே போங்க. வீட்டுல எந்தப் பேச்சு வந்தாலும் முன்னூத்திப் பத்தொம்போதும்பேன். குடைய எங்க வச்சேன்னு அவ ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன். அப்ப முன்னூத்திப் பத்தொம்போதுன்னு சொன்னாப் போதும். வாய மூடிப்பா. எங்க அண்ணன் வீட்டுல, எல்லாரும் இருக்கும்போது, இவ பேச்ச நம்பாதீங்க, இவ பெரிய ஆளு, ஒருதடவை முன்னூத்திப் பத்தொம்போதுல விழுந்தவன்னு சொன்னேன். அண்ணிக்கு ஒண்ணும் புரியல. இவளும் சேந்து சிரிச்சா. ஒன்பது வருஷமா இந்த ஒரு நம்பர வச்சுத்தான் டீச்சர் நான் வீட்டுல ஜெயிக்கிறேன்.

அதனாலதான் சொல்றேன், அந்த வரியத் தொடாதீங்க. பட்டியல்ல என் பேரு ஏறுறது எனக்குப் பெருசில்ல. ஏறட்டும். அவளுக்குத் தெரியக்கூடாது. அவ உயிரா வச்சிருந்தது அந்த விக்கி. அத ஒரு பொய்க்காக விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தீங்களா? நீங்க உங்க கட்டுரைய எழுதிட்டு, பேர் வாங்கிட்டுப் போயிடுவீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டியவன் நான். உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு? கயிறு போனா என்ன, அறுத்தா என்ன, கதைதானே.

கதைதானேன்னு நான் சொல்லக்கூடாதுதான். சரி.

இதுல எங்கயாவது முத்திரை இருக்கா, எந்த நூலகம்? கழிச்சுப் போடுற அலமாரியிலயா கிடைச்சுது. யாரும் எடுக்கலன்னா கழிச்சிருவாங்க, ஆமா. நில அளவை ஆபீஸுக்குப் பின்தெருவா? அங்க ஒரு நூலகம் இருக்கா என்ன. நான் கடையெல்லாம் தேடினேன், நூலகத்துல தேடத் தோணவே இல்ல. கொடுங்க, பின்னட்டையில போட்டிருக்கும்.

…

இல்ல, ஒண்ணுமில்ல. இருங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

சொல்லுங்க, நீங்க என்னமோ சொல்லிட்டிருந்தீங்க. கட்டுரையா. எழுதியே முடிச்சாச்சா? கொண்டே வந்துட்டீங்களா. படிங்க, கேக்கிறேன். எனக்கு அவசரமில்ல. சிஸ்டர், யாராவது வந்தா உக்காரச் சொல்லுங்க, பத்து நிமிஷம்.

ம். ம். என்னப் பத்தி எழுதினதெல்லாம் சரி. மோசடின்னு போட்டிருக்கீங்க, போடுங்க, பரவாயில்ல. அகம்பாவி. அதுவும் சரி. பதிப்ப எழுதாம பக்கத்த எழுதியிருக்கீங்க மறுபடியும், அதத் திருத்துங்க.

அந்த வரிய இன்னொரு தடவை படிங்க. தளத்தைத் தொடங்கியவரே ஆதாரத்தைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது.

அத எடுங்க.

எடுங்கன்னா எடுங்க. என்ன என்ன வேணும்னாலும் திட்டிக்கோங்க, அவ சரிபாக்கலன்னு எழுதக்கூடாது. புருஷன்கிறதுக்காகப் பேசல. நீங்க எழுதினது தப்பு, அதனால பேசறேன். ஆதாரம் இல்லாம எழுதுறது நீங்க இப்ப. சரிபாக்கலன்னு உங்களுக்கு யாரு சொன்னா? மன்னிப்புக் கேட்டா, அதனால சரிபாத்திருக்க மாட்டான்னு நீங்களா முடிவு பண்ணீங்க. அது உங்க ஊகம். உங்களுக்குத் தோணுது, அவ்வளவுதான். நானும் ஒன்பது வருஷமா அப்படித்தான் நினைச்சேன்.

ஆதாரமா? உங்க கையிலதான் இருக்கு. ரெண்டு வருஷம் தேடிப்புடிச்ச புத்தகம், பின்னட்டையத் திருப்பிப் பாக்கத் தோணல உங்களுக்கு. உள்பக்கத்துல சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க, யாரு எடுத்தா, எந்தத் தேதின்னு. ஒரே ஒரு வரிதான். நூலகம் வாங்கினதுலேருந்து ஒரே ஒரு ஆளுதான் இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. உறுப்பினர் எண் ரெண்டாயிரத்து நூத்தி ஆறு. அந்த அட்டை எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு, தினம் பால் எடுக்கும்போது பாக்கிறேன். கையெழுத்தும் அவளோடதுதான். வருஷம் பாத்துக்கோங்க. எழுதிக்கோங்க, வடிவம் தப்பில்லாம.

நான் அந்த வாக்கியத்தப் போட்டது மூணாம் தேதி. அவ இத எடுத்தது அதே மாசம் பதினொண்ணாம் தேதி. பக்கம் இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அவ எழுதின விதிப்படி என் பேரு பட்டியல்ல முதல் ஆளா ஏறியிருக்கணும். கூட்டத்துல சிரிச்சவனெல்லாம் இன்னொரு தடவை சிரிச்சிருப்பான். பதினெட்டாம் தேதி நான் தவறாக இருந்தேன்னு எழுதிட்டு எழுந்து போயிட்டா.

ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாதவன்னு நான் அவளக் கேலி பண்ணுவேன் டீச்சர்.

அன்னிக்கு நான் ஜெயிச்சுட்டேன்னு கேக் வாங்கிட்டுப் போனேன். பெட்டியத் தொறந்து மேசையில வச்சு, ஆதாரம் எங்கேன்னு அவ குரல்லயே கேட்டேன். அவ கத்தி எடுத்துட்டு வந்து நறுக்கினா. பெரிய துண்ட எனக்கு வச்சா.